பன்னிரண்டாம் படுக்கையின் பத்து மணிக் குளியல்

பன்னிரண்டாம் படுக்கைக்காரர் மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிடப்போகிற சாப்பாட்டை அழிப்பதற்கு, சிஸ்டருக்கு அவசரமாக ஒரு பாட்டில் வெள்ளை மை தேவைப்பட்டது.

மேஜை இழுப்பறையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஊசி உறைகள், ரப்பர் பேண்டுகள், யாருடையதோ ஒரு பல் செட். வெள்ளை மை மட்டும் இல்லை.

"என்ன சிஸ்டர் தேடறீங்க?" வாளியோடு போய்க்கொண்டிருந்த ஆயா நின்றாள்.

"வெள்ளை மை."

"அதைத்தான் தர அதிகாரி போன மாசமே வாரிக்கிட்டுப் போயிட்டாரே. இனிமே யாரும் தப்பே பண்ணப்போறதில்லை, மை எதுக்குன்னு கேட்டாரே, மறந்துட்டீங்களா?"

சிஸ்டர் இழுப்பறையை அறைந்து மூடினாள். மணி ஒன்பது ஐம்பது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஒரு தூக்கக் கலக்கமான குரல், "உங்க இல்லத்துலேர்ந்து காலையில வந்த கேஸ். எட்டு பத்துக்கு இறந்துட்டாரு," என்று சொல்லிவிட்டு, இவள் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டது.

மேஜைமேல் அந்தக் கேஸின் இன்றைய சார்ட் கிடந்தது. பத்து மணி: குளித்தார். பத்தரை: தோட்டத்தில் நடந்தார். ஒரு மணி: முழுச் சாப்பாடு. நாலு மணி: சிரித்துப் பேசினார். எட்டு மணி: மகனை விசாரித்தார், நிம்மதியாகத் தூங்கினார். அடியில் சிஸ்டரின் கையெழுத்து, வளைவு நெளிவோடு, அழகாக.

முதியோர் இல்லத்துக்குத் தர மேம்பாடு வந்த நாளிலிருந்து இப்படித்தான். மணிக்கு ஒரு கட்டம். காலிக் கட்டம் இருந்தால் ஒரு மார்க் போச்சு. போதாததற்கு, பிள்ளைகள் வேலைக்குக் கிளம்பும் முன் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று, காலை எட்டு மணிக்கே சார்ட்டைப் படம் பிடித்து அவர்கள் போனுக்கு அனுப்பிவிட வேண்டும்.

இதை அறிவித்த கூட்டத்தில் ஆயா ஒருத்திதான் கேட்டாள். "மத்தியானச் சாப்பாட்டை எட்டு மணிக்கு எப்படி சார் எழுதறது?"

"தினமும் சாப்பிடறாங்கதானே?" என்றார் தர அதிகாரி.

"சாப்பிடறாங்க."

"அப்போ எழுதுங்க."

அவ்வளவுதான். நாற்பது பேரின் நாளும் காலை ஆறே காலுக்குள் வாழ்ந்து முடிக்கப்பட்டது. எழுநூறு நாள் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை என்று சான்றிதழ் வந்தது. மேனேஜர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

பன்னிரண்டாம் படுக்கைக்காரர் முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இல்லத்தில் எல்லோருக்கும் கண்டக்டர் தாத்தா. கஞ்சி ஊட்டினால் ஒவ்வொரு கரண்டிக்கும் "ரைட்" என்பார். வயிறு நிறைந்தால் கரண்டியைத் தட்டி, "ஹோல்டான்" என்பார். இன்று ஆறரை மணிக்கு மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளியபோதுகூட, மாஸ்க்கைக் கையால் விலக்கி, "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, உள்ளே நிறைய இடம் இருக்கு," என்றார். சிஸ்டர் சிரித்துவிட்டாள். அதுதான் கடைசி என்று தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாள்.

அவர் போகும்போதே சார்ட் நிரம்பியிருந்தது. எட்டு மணிக்கு அது மகனின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பத்து நிமிடம் கழித்து அவர் போய்ச் சேர்ந்தார்.

அழ வேண்டும்போல் இருந்தது சிஸ்டருக்கு. அதற்கு நேரமில்லை. மேனேஜர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"சார்ட்டை மாத்திட்டியா?"

"மாத்தி என்ன சார்? காலையிலேயே அனுப்பியாச்சு."

"அனுப்பினதைத் திருப்பி வாங்க முடியாதா?"

"அது என்ன சார் பாத்திரமா? அவர் மகனுக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொல்லிடறேன்."

"இரு, இரு. என்னன்னு சொல்லுவே? எட்டு பத்துக்கு இறந்தவர் பத்து மணிக்குக் குளிச்சாருன்னு கீழே யாரு கையெழுத்து? நீ. நாளைக்கு நர்ஸ் பட்டியல்லேர்ந்து உன் பேரை அடிச்சுட்டா, எந்த ஊர்ல போய் எந்த வாசல்ல வேலை கேட்பே?"

சிஸ்டர் எடுத்த போனைத் திரும்ப வைத்தாள். இந்த வேலையை நம்பித்தான் வீட்டில் மூன்று பேர் எழுந்து, உண்டு, படுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சாயங்காலம் சொல்லிக்கலாம்," என்றார் மேனேஜர். "நாலு மணிக்குச் சிரிச்சுப் பேசினாரு. அஞ்சு மணிக்கு அப்படியே போயிட்டாரு. அவருக்கும் கௌரவமா இருக்கும்."

"ஆஸ்பத்திரியில எட்டு பத்துன்னு எழுதியிருப்பாங்களே சார்."

"அவங்களுக்குத் தர மேம்பாடு கிடையாது. தப்பா எழுதிட்டாங்கன்னு சொல்லிக்கலாம்."

அப்போதுதான் படிக்கட்டில் காலடி கேட்டது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், கசங்கிய சட்டையும் சிவந்த கண்களுமாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார்.

"நான் பன்னிரண்டாம் நம்பரோட பையன். எங்க அப்பா..."

"குளிச்சிட்டு இருக்காரு சார்," என்றார் மேனேஜர்.

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் மேனேஜருக்கே அது கேட்டது. சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டாள். மகன் மேனேஜரை உற்றுப் பார்த்தார்.

"குளிச்சிட்டா?"

"ஆமா சார். பத்து மணிக் குளியல். வெந்நீர். பாருங்க, சார்ட்லயே இருக்கு."

மகன் சார்ட்டை வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "நல்லா இருக்காரா?" என்று கேட்டார்.

"ஜம்முனு இருக்காரு சார். எங்களை மாதிரி ஆளுங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுடுவாரு."

"சார், நான் ஒண்ணு சொல்லணும்..." என்று சிஸ்டர் ஆரம்பித்தாள். மேனேஜரின் ஷூ அவள் பாதத்தின்மேல் ஏறி உட்கார்ந்தது.

"பத்தரைக்குத் தோட்டத்துல நடப்பாருன்னு போட்டிருக்கே," என்றார் மகன். "நானும் கூட நடக்கட்டுமா?"

மேனேஜரின் நெற்றியில் வியர்வை பூத்தது. "இன்னிக்கு நடை வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. குளிச்ச அசதி. படுத்தா ஒரு தூக்கம் போடுவாரு."

"தூங்கட்டும். எழுப்ப மாட்டேன். பக்கத்துல சும்மா உட்கார்ந்துக்கறேன்."

வரவேற்பறையில் மகனை உட்கார வைத்துவிட்டு மேனேஜர் ஓடினார். இப்போது பன்னிரண்டாம் படுக்கைக்கு ஓர் ஆள் வேண்டும். வெள்ளை முடி, ஒல்லி உடம்பு, வாயைத் திறக்காத ஆள். இல்லத்தில் அப்படி ஒருவர்தான் இருந்தார். லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னால முடியாதுங்க," என்றார் லிஃப்ட்காரர். "செத்தவர் படுக்கைங்க அது."

"யோவ், படுக்கத்தானே சொல்றேன். அரை மணி நேரம். எழுந்து வந்துடு."

"அவருக்கு மீசை கிடையாது. எனக்கு இருக்கு."

மேனேஜர் அந்த மீசையைப் பார்த்தார். இருபத்தெட்டு வருட மீசை. லிஃப்ட்காரரின் கல்யாண போட்டோவில் மனைவிக்கு அடுத்தபடியாக நிற்கிற மீசை. ஆயா ரேஸரோடு வந்து நின்றபோது அவர் கண் கலங்கிவிட்டது.

"மூச்சு விடாதீங்க, வெட்டிடும்," என்றாள் ஆயா.

"விட்டுடறேன், விட்டுடறேன். படுக்கிறதுக்கு முன்னாடியே உயிரையே விட்டுடறேன்."

மீசை போன இடம் மட்டும் பளிச்சென்று வெளுத்துத் தெரிந்தது. அதை மறைக்க ஆக்சிஜன் மாஸ்க் மாட்டினார்கள். மாஸ்க்குக்கு சிலிண்டர் வேண்டியிருந்தது. சிலிண்டர் இருப்பது கீழ்த் தளத்தில். லிஃப்டை ஓட்ட ஆள் இல்லை. மேனேஜரும் ஆயாவும் அதைப் படிப்படியாகத் தூக்கி வந்தார்கள். முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை மேனேஜர் தர மேம்பாட்டைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே ஏறினார்.

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்ட சிஸ்டர், படுக்கையைப் பார்த்து ஒரு கணம் திரும்பிக்கொண்டாள். தலையணையில் இன்னும் கண்டக்டரின் தலை பதிந்த பள்ளம் இருந்தது. அதில் லிஃப்ட்காரரின் தலை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"மன்னிச்சுக்குங்க அண்ணே," என்றாள்.

"எங்கிட்ட எதுக்குக் கேட்கறீங்க," என்றது மாஸ்க்.

மகன் வந்தார். வாசலிலேயே நின்று பார்த்தார்.

"ஆக்சிஜன் எதுக்கு? சார்ட்ல இல்லையே."

"அது ஆடம்பரத்துக்கு சார்," என்றார் மேனேஜர். "அதாவது, சுத்தமான காத்து. தர மேம்பாட்டுல ஒரு அம்சம். எல்லாருக்கும் அரை மணி நேரம் கொடுக்கறோம்."

எதிர்க் கட்டில் பாட்டியம்மா தலையைத் தூக்கினாள். "எனக்குக் கொடுக்கலையே?"

"உங்களுக்கு நாளைக்கு."

கீழ்த் தளத்தில் லிஃப்ட் மணி அடிக்க ஆரம்பித்தது. சக்கர நாற்காலிக்காரர்கள் மூன்று பேர் உடற்பயிற்சிக்கு மேலே வரக் காத்திருந்தார்கள். மணி விடாமல் அடித்தது. இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில், ஒவ்வொரு மணிக்கும் போர்வைக்குள் லிஃப்ட்காரரின் வலது கை தானாக ஒரு பித்தானை அழுத்தியது.

"கை துடிக்குதே," என்றார் மகன்.

"டிக்கெட் கிழிக்கிறாரு சார். கண்டக்டர் இல்லையா, பழைய ஞாபகம்," என்றார் மேனேஜர். அவருக்கே தன் திறமை பிடித்துப்போயிருந்தது.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் அன்றைக்கு டாக்டர் வரும் நாள். நாற்பது பேரை முப்பது நிமிடத்தில் பார்த்துவிடுகிற டாக்டர் அவர். லிஃப்ட் வராத எரிச்சலோடு படியேறி வந்தவர், நேராகப் பன்னிரண்டாம் படுக்கைக்கு வந்து, கால்மாட்டில் தொங்கிய சார்ட்டை எடுத்துப் படித்தார். அப்புறம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

சிஸ்டருக்குப் பயமாக இருந்தது. ஒருவகையில் நிம்மதியாகவும் இருந்தது. மூன்று வருடமாகப் பார்க்கிற டாக்டர். இதோ, இப்போது சொல்லிவிடுவார். எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும்.

"பிரமாதம்," என்றார் டாக்டர். "புது மாத்திரை நல்லா கேட்குது. பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்காரு."



"கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்காரு. முட்டி மடங்குதா?" என்று முழங்காலைப் பிடித்து மடக்கினார். லிஃப்ட்காரருக்கு நிஜமாகவே முட்டி வலி உண்டு. மாஸ்க்குக்குள் ஒரு ஓலம் கேட்டது.

"அது இருக்கத்தான் செய்யும். ஒரு சத்து ஊசி போட்டுடுங்க சிஸ்டர்."

"எத்தனை நாளா அப்பாவைப் பார்க்கறீங்க டாக்டர்?" என்று மகன் கேட்டார்.

"மூணு வருஷம். இவரை எனக்கு உள்ளங்கை மாதிரி தெரியும்," என்று சொல்லிக்கொண்டே டாக்டர் பதினான்காம் படுக்கைக்குப் போய்விட்டார். பதின்மூன்றை எப்போதும் மறந்துவிடுவார்.

சிஸ்டர் ஊசியை எடுத்து, முதுகால் மறைத்துக்கொண்டு, மெத்தைக்குப் போட்டாள். அப்படியும் லிஃப்ட்காரர் கத்தினார். மகன் லேசாகச் சிரித்தார். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போர்வைக்குள்ளிருந்து லிஃப்ட்காரரின் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

சிஸ்டர் வாசலுக்கு வந்துவிட்டாள். அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. கண்டக்டரின் இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் நிமிராது. முப்பது வருடம் டிக்கெட் கட்டை இடுக்கி இடுக்கி வளைந்தே போனவை. ஒரு முறை தொட்டவர்களுக்கும் மறக்காது. இந்த மனிதர் லிஃப்ட்காரரின் ஐந்து விரலும் நேராக நீண்ட கையைப் பிடித்துக்கொண்டு அப்பா என்கிறார்.

"டாக்டரை விடு," என்றாள் ஆயாவிடம், மெல்லிய குரலில். "அவர் காகிதத்தைப் பார்க்கிறவர். பெத்த பிள்ளைக்கு அப்பன் கை தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா ரெண்டு வருஷம் எட்டிப் பார்க்காம இருப்பாரா?"

"தினமும் கேட்பாரு ஆயா. பையன் வந்தானா, வண்டி கிளம்பிடப்போகுது, வந்தானான்னு. நானும் இதோ வந்துட்டே இருக்காருன்னு சொல்லுவேன். வந்த லட்சணத்தைப் பாரு."

உள்ளே மகன் பேச ஆரம்பித்திருந்தார். தாழ்ந்த குரல். லிஃப்ட் மணி ஓய்ந்த இடைவெளிகளில் துண்டு துண்டாகக் கேட்டது.

"வரக்கூடாதுன்னு இல்லைப்பா. ஒவ்வொரு வாரமும் கிளம்பத்தான் பார்ப்பேன். காலையில எட்டு மணிக்கு அந்தச் சார்ட் வந்துடும். நடந்தாரு, சாப்பிட்டாரு, சிரிச்சாருன்னு இருக்கும். நல்லாத்தானே இருக்காரு, அடுத்த வாரம் போனா என்னன்னு தள்ளிப் போட்டுடுவேன். படிச்சிட்டு நிம்மதியா வேலைக்குப் போயிடுவேன்பா."

சிஸ்டர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

எழுநூறு நாள். எழுநூறு கையெழுத்து. மழை நாளில் தோட்டத்தில் நடந்தார் என்று போட்டிருக்கிறாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்து மூன்று நாள் வாயே திறக்காமல் இருந்தபோது சிரித்துப் பேசினார் என்று போட்டிருக்கிறாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், இந்த மனிதர் பதறியடித்துக்கொண்டு வந்திருப்பார்.

வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது அவளுக்கு. பயம் விட்டுப்போயிருந்தது. விறுவிறுவென்று உள்ளே நடந்தாள்.

மகன் இப்போது குனிந்து, லிஃப்ட்காரரின் காதோடு வாய் வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரரின் கண்கள் அகலத் திறந்திருந்தன. தூங்குகிறவர் கண்ணைத் திறந்துவிட்டாரே என்று சிஸ்டர் பதறினாள். மகன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நிமிர்ந்து, அந்தக் கையைப் பத்திரமாகப் போர்வைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"சிஸ்டர், ஒரே ஒரு விஷயம் கேட்கணும்."

"கேளுங்க."

"சார்ட்ல கடைசிக் கட்டத்துல, மகனை விசாரித்தார்னு தினமும் எழுதியிருக்கீங்களே. அது நிஜமா?"

"அது மட்டும் நிஜம் சார்."

அவர் தலையை ஆட்டினார். மற்றதெல்லாம் என்ன என்று அவர் கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை.

"சார், நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க அப்பா..."

"வேண்டாம் சிஸ்டர்." கை கூப்பினார். "நீங்க பார்க்க வேண்டியவங்க நாற்பது பேர் இருக்காங்க. எனக்கும் இன்னிக்கு நிறைய வேலை."

நிறைய வேலையாம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் மேனேஜர் இடையில் புகுந்து, கருத்துப் படிவத்தையும் பேனாவையும் நீட்டிவிட்டார். மகன் நின்றபடியே நிரப்பினார். சுத்தம், ஐந்து நட்சத்திரம். உணவு, ஐந்து. கனிவு, ஐந்து. குறைகள் என்ற இடத்தில் மட்டும் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அப்படியே கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

"பார்த்தியா?" மேனேஜர் படிவத்தை விசிறிபோல் ஆட்டினார். "முழு மார்க். ஒரு இடத்துலதான் காலியா விட்டுட்டாரு. பரவாயில்லை." பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, குறைகள் எதுவும் இல்லை என்று எழுதினார்.

சிஸ்டர் அவரைத் தாண்டிப் படிகளில் ஓடினாள். இரண்டு இரண்டு படியாக இறங்கினாள். வாசலுக்கு வந்தபோது வெயில்தான் இருந்தது. தெருமுனையில் ஒரு வண்டி திரும்பி மறைந்தது. அது அவருடையதா என்றுகூடத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது கீழே மூன்று சக்கர நாற்காலிகளும் அவளைப் பிடித்துக்கொண்டன.

"ஏம்மா, லிஃப்ட்காரர் உயிரோட இருக்காரா இல்லையா?"

"இருக்காருப்பா. இதோ அனுப்பறேன்."

மேலே, லிஃப்ட்காரர் இன்னும் பன்னிரண்டாம் படுக்கையில்தான் இருந்தார். எழுந்து உட்கார்ந்து, மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுந்திருய்யா, ஆள் போயாச்சு," என்றார் மேனேஜர். "மீசைதானே, ஒரு மாசத்துல வளர்ந்துடும். பெத்த பையனே கண்டுபிடிக்கலை, பலே ஆளுய்யா நீ."

லிஃப்ட்காரர் அசையவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"என்ன அண்ணே?" சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "காதுல என்னமோ சொன்னாரே, என்ன சொன்னாரு?"

லிஃப்ட்காரர் அவளைப் பார்த்தார்.

"'நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதுங்க, காலையில ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்து ஓடினேன், எட்டு பத்துக்கு எங்க அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் போனாரு, அவரோட துணிமணியை எடுத்துட்டுப் போகலாம்னு இங்க வந்தேன், குளிச்சிட்டு இருக்காருன்னு சொன்னாங்க, சரி, அப்பா இன்னும் ஒரு அரை மணி நேரம் இருந்துட்டுப் போகட்டுமேன்னு உட்கார்ந்துட்டேன்'னு சொன்னாரு சிஸ்டர்."